ஆயிரத்து நானூறு மீட்டர்

லெபோ பந்தாயில் பழைய பண்டகசாலையின் மாடி.
வெள்ளிக்கிழமை, மாலை நான்கு.
பன்னிரண்டு நாற்காலி, முப்பத்தாறு கிளாஸ்,
வாயில் எடுத்ததைத் துப்ப
கீழே காப்பிக்கடை ஆ சூனிடம் இரவல் வாங்கிய
ஆறு எவர்சில்வர் கும்பா.
மூன்று புட்டிக்கும் காகிதச் சட்டை போட்டுப்
பெயரை மறைத்துவிட்டேன்.
ஒரே திராட்சைதான். ஷார்டனே.
ஊற்றுகிறவள் நான்.

முதலாவது, சமவெளிப் பிள்ளை.
வெயிலை வயிறாரத் தின்றது,
புது ஓக் பீப்பாயில் பத்து மாதம் புரண்டு படுத்தது.
வெண்ணெய், வறுத்த முந்திரி, அன்னாசி ஜாம்.
நாம் கேட்குமுன்னே
வீட்டுக்கதை முழுக்கச் சொல்லிவிடுகிற விருந்தாளி.
பல் டாக்டர் கூ பூன் லியோங் கண்ணை மூடினார்.
"இதுதான் ஷார்டனே" என்றார்
தீர்ப்பு வாசிக்கிற குரலில்.

இரண்டாவதும் மூன்றாவதும்
ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்து அக்கா தங்கை.
அக்கா பழைய பீப்பாய்க்குள் வாழ்ந்து வந்தவள்.
தங்கை எஃகுத் தொட்டியை விட்டு
வேறெதையும் தொடாதவள்.

தங்கையை ஒரு மிடறு விழுங்கிய டாக்டர்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.
"பல் கூசுகிறது."
தொழில்முறைக் கருத்து. மறுக்க முடியாது.

ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
உயரம், பகலிரவு வெப்ப வித்தியாசம், இயற்கை அமிலம்.
பை நோட்டில் எழுதியிருந்தது வேறு.
நார்த்தங்காய்த் தோல்.
முதல் தூறல் தொட்ட கருங்கல்.
உப்பு. இல்லை,
உப்பு இருந்துவிட்டுப் போன இடம்.
'மினரல்' என்று எழுதி அடித்திருந்தேன்.

அப்போதுதான் கரண்டு போனது.

ஏர்கான் ஒருமுறை இருமி நின்றது.
ஜன்னல்களைத் திறந்தேன்.
டீசல், சேறு, காய்கிற கருவாடு:
நெய்தல் முழுவதும் செருப்போடு உள்ளே வந்தது.

எஸ்.பி.எம். இலக்கியத் தாளில்
சிறுபொழுதுகளைக் குழப்பி இரண்டு மார்க் விட்டவள் நான்.
நெய்தலுக்கு எற்பாடு. குறிஞ்சிக்கு யாமம்.
ஏன் யாமம் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும்தான்.
மலைமேல் வெயில் பக்கத்தில் நின்று அடிக்கும்,
பழத்தின் தோல் தடிக்கும்.
ஆனால் நள்ளிரவில் பனிமலைக் காற்று இறங்கி
கொடியின் கையைப் பிடித்து நிறுத்தும்:
போதும், மிச்சத்தை முந்தானையில் முடிந்து வை.
புளிப்பு என்பது அந்த முடிச்சு.

அரை மணி நேரம். கிளாஸ்கள் வியர்த்து ஓய்ந்தன.
முதலாவதில் இப்போது
உருகின வெண்ணெயும் மரத்தூளும் தனித்தனியாக.
நிறையப் பேசிய விருந்தாளி
சோபாவில் வாய் திறந்து தூங்கிவிட்டார்.
அக்காவிடம்
தீக்குச்சி கிழித்துப்போட்ட வாசம்,
அதற்குப் பின்னால் மெதுவாக ஒரு பேரிக்காய்.

தங்கைதான் ஆச்சரியம்.
சூடு ஏற ஏற முடிச்சு தளர்ந்து,
வெள்ளைப்பூ, தேன் வடித்தபின் மீந்த மெழுகு,
பாலிக் பூலாவ் ஜாதிக்காயின் மேல்தோல்.
புளிப்பு அங்கேயேதான் இருந்தது,
நிமிர்ந்து, முதுகெலும்புபோல்.

கஸ்டம்ஸ் திரவியநாதன் விசிறிக்கொண்டே கேட்டார்:
"நம்ம பினாங்கு மலையில நட்டா வருமா?"
பின்பக்க ஜன்னலில் மலை
மேகத்தைப் போர்த்திக்கொண்டிருந்தது.
எண்ணூறு மீட்டர் சொச்சம். உயரம் மட்டும் போதாது, சார்.
இங்கே குளிர்காலம் கிடையாது.
கொடி தூங்காது.
தூங்காதது எதையும் சேர்த்துவைக்காது.

அவர் ஏதோ யோசித்தார்.
அவருக்கு நைட் ஷிஃப்ட்.

டாக்டர் கும்பாவைத் தள்ளி வைத்துவிட்டார்.
மூன்றாவது கிளாஸை நீட்டி, இன்னும் கொஞ்சம்.
விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.
காகிதச் சட்டையைக் கழற்றிப்
பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
என்ன விலை என்று கேட்டார்.

சொன்னேன்.

கரண்டு வந்தது. எல்லா விளக்கும் எரிய,
பல் டாக்டர் கூ பூன் லியோங்
மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.